பைபர் படகின் கறையும் கசிவும்

மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் கிடையாது, தண்ணீருக்குக் குறைவில்லை. பொல்கொல்லையில் திருப்பிவிடப்படும் மகாவலி 1976ஆம் ஆண்டிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவெலை மின்நிலையத்துக்கு வருகிறது. அங்கிருந்து சுதுகங்கையோடு சேர்ந்து போவதென்னை நீர்த்தேக்கம், அதற்கப்பால் இன்னொரு சுரங்கம், பிறகு தம்புள்ளைப் பக்கம். 2018 ஜனவரியில் திறந்த மொரகஹகந்த வேறு இருக்கிறது. இந்தத் தண்ணீரில் திலாப்பியா பிடிப்பவர்களின் ஓருத் தோணிகளில் பல இப்போது பைபர்தான். அவற்றுக்கு ஒட்டுப்போடுவது என் பிழைப்பில் ஒரு பங்கு. மற்றது தண்ணீர்த் தாங்கி, முச்சக்கரவண்டிப் பாகங்கள், மழை ஒழுகும் பைபர் கூரைத் தகடு.

பாய்ப்படகு இந்தப் பக்கம் கைக்கு வருவது அபூர்வம். எனக்கு வந்தது ஓர் எண்டர்பிரைஸ். ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் 1956இல் வரைந்த வகை. 13 அடி 3 அங்குல நீளம், நீலப் பாய், ஓட்ட இரண்டு பேர் போதும். முதலில் பிளைவூட்டில் செய்தார்கள், பிறகு பைபரிலும் வந்தது. பொல்கொட ஏரியில் ஓடிக் களைத்த ஒன்றைக் கூட்டாளிகள் சேர்ந்து வாங்கி, லொறியில் ஏற்றிக் கண்டலமைக்குக் கொண்டுவந்தார்கள். ஜெப்ரி பாவா பாறையோடு பாறையாகக் கட்டி, 1994இல் திறந்த ஹோட்டல் கரையில் தெரியுமே, அந்தக் குளம். பராமரிப்பு என் தலையில் விழுந்தது. “உப்புத்தண்ணியா அண்ணே இது, இங்க என்ன பழுதாகப் போகுது?” என்றார்கள்.

பழுதாகும். இரும்பு வேண்டுமானால் கடலோரத்தைவிட இங்கே மெதுவாகத் துருப்பிடிக்கும். மரத்துக்கும் பைபருக்கும் கதை வேறு. மரத்தை உக்க வைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. மழைத் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் அதற்கு விருந்து. பைபர் படகென்று பெயர் இருந்தாலும் தகடு பூட்டும் இடங்களில் உள்ளே பலத்துக்குப் பிளைவூட் துண்டு வைத்து ரெசின் போட்டு மூடியிருப்பார்கள். ஆணித்துளை வழியே இறங்கும் தண்ணீர் அந்தத் துண்டில்தான் போய் உட்காரும்.

இரண்டாவது, கொப்புளம். படகின் வெளித்தோலான ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் தடிப்புத்தான் இருக்கும். பார்க்கப் பீங்கான் மாதிரி இருந்தாலும் அதற்குள் தண்ணீர் மிக மெல்ல ஊடுருவும். உள்ளே சரியாக இறுகாத ரெசின் மிச்சங்களோடு கலந்து அடர்த்தியான திரவமாகும். அந்தத் திரவம் வெளித் தண்ணீரை இன்னும் இழுக்கும். இடம் போதாமல் தோல் உப்பும். வெளியே இருப்பது உப்புக் கலக்காத தண்ணீராக இருந்தால் அந்த இழுப்பு கூடுதல். தண்ணீர் சூடாக இருந்தால் எல்லாம் சீக்கிரம் நடக்கும். நம் குளங்கள் இரண்டு வகையிலும் தகுதி பெற்றவை. கொப்புளத்தைக் குத்தினால் வினாகிரி மணத்தோடு ஒரு நீர் பீறிடும். கண்ணாடி போடாமல் குத்தக் கூடாது. ஆகவே, சின்னப் படகைக் குளத்தில் கட்டிப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். ஓட்டம் முடிந்தால் கரையில் ஏற்றிக் காயவிடுங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். கசிவைத் தேடுகிறவன் முதலில் படகைக் கழுவக் கூடாது. என் கண்ணில் மற்ற எல்லா யோசனைகளையும்விட இதுதான் முக்கியம். பழைய படகு வந்தவுடன் வாளியும் விம்முமாகப் பாய்ந்துவிடுகிறார்கள். எங்கே ஒழுகுகிறது என்பதற்கான சாட்சி முழுவதும் அந்த வாளியோடு ஓடிவிடுகிறது. நான் மாஸ்கிங் டேப்பும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வருவேன். கறை இருக்கும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, என்ன கறை என்று அதில் எழுதிவைப்பேன்.

எங்கள் படகில் அதிகம் பேசியது, பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கம்பி வந்து மாட்டும் தகட்டுக்குக் கீழே இருந்த ஒரு கோடு. சாயத்தண்ணீர் நிறம். தகட்டின் கடைசி ஆணியில் பிறந்து, உட்பக்கச் சுவரில் ஒரு சாண் இறங்கி, ஓரத்தில் திரண்டு நின்றது. விரலால் தேய்த்தேன், வழுவழுவென்று வந்தது. முகர்ந்தேன், மழை நாளில் விறகுக் கொட்டிலுக்குள் வரும் மணம். அது உக்கிய பிளைவூட்டின் சாறு. அதே இடத்தில் செம்மஞ்சளாகத் தூள் உதிர்ந்திருந்தால் போல்ட் துரு என்று விட்டிருப்பேன். வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் கட்டியாகப் பெயர்வதாக இருந்தால் வெறும் தண்ணீர் கசிந்து காய்ந்து சுண்ணாம்பை விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். மரம் இன்னும் பிழைத்திருக்கலாம். சந்தேகமென்றால் திருப்புளியின் பிடியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் ‘டக்’ என்னும். உக்கிய இடம் ‘தொப்’ என்னும். அந்த ‘தொப்’ எதுவரை போகிறதோ அதுவரை பென்சிலால் வட்டம் போடுங்கள். வேலை எவ்வளவு பெரிது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

தண்ணீருக்குள் மூழ்காத இடத்தில், குறிப்பாகத் திருகாணியைச் சுற்றி, முடி அளவுக்கு நட்சத்திரமாக ஓடும் வெடிப்புகளையும் குறித்துக்கொள்ளுங்கள். துளையைச் சரியாகப் போடாமல் ஆணியை முறுக்கியதன் அடையாளம் அவை. அழுக்கு ஏறியதால்தான் கண்ணுக்கே தெரிகின்றன. கழுவிவிட்டால் மறைந்துவிடும்; வெடிப்பு மறையாது.

காற்றறைகளின் சங்கதி தனி. இந்த வகைப் படகு கவிழ்ந்தாலும் மிதப்பதற்காக இரு பக்கமும் மூடிய அறைகள் இருக்கின்றன. ஓட்டம் முடிந்து கரையேறினால் அதற்குள் தண்ணீர் களக் களக் என்கிறது. ஓட்டையைத் தேடினால் கிடைப்பதில்லை. காரணம் வெயில். குளக்கட்டில் காயும் படகின் அறைக்குள் காற்று சுடுகிறது, விரிகிறது. அந்தச் சூட்டோடு மூடியை இறுக்கிப் படகைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கும். சுருங்கும்போது எந்தச் சின்ன ஆணித்துளை வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். சும்மா மழைக்கு ஒழுகாத துளைகூட அப்போது குடிக்கும். கரையில் இருக்கும்வரை மூடிகளைத் திறந்தே வைத்திருங்கள். இறக்கி, படகு ஆறிய பிறகு பூட்டுங்கள். சதம் செலவில்லாத வைத்தியம் இது.

அதற்குப் பிறகும் தண்ணீர் சேர்ந்தால் சவர்க்கார நுரையால் சோதிக்கலாம். காலையில், வெயில் ஏறுமுன் செய்ய வேண்டும். மூடிகளைப் பூட்டி, வடிகால் துளையில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் செருகி, ஒருவர் வாயால் ஊத வேண்டும். வாயே போதும். பம்பையோ கொம்பிரசரையோ கொண்டுவந்தால் அறையின் ஒட்டுத்தான் பிளக்கும். மற்றவர் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கரைத்து, தூரிகையால் ஒவ்வொரு ஆணித்தலையிலும், மூடி விளிம்பிலும், இரண்டு பாகம் சேரும் ஒட்டிலும் தடவிப் போக வேண்டும். குமிழி எழும் இடத்தில் டேப். எங்கள் படகில் நான் சந்தேகப்பட்ட பெரிய வெடிப்பு மூச்சுக்கூட விடவில்லை; ஒருவரும் பொருட்படுத்தாத ஒரு கயிற்றுக் கொக்கியின் இரண்டு ஆணிகள் நுரையைக் கொட்டின.

அடைக்கும் வேலை. கழற்றாமல் மேலாகப் பூசும் எந்த வேலையும் வேலை இல்லை. தகட்டைக் கழற்றுங்கள், பழைய பசையைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்கள், துளைக்குள் எட்டிப் பாருங்கள். எனக்கு உதவிக்கு வரும் தம்பி இந்தக் கட்டத்தில்தான் கேட்டான்: “அண்ணே, நானாட கடையில சிலிக்கோன் டியூப் இருக்கு, எடுத்துட்டு வரட்டா?”

“குளியலறைக்கு எடு தம்பி, படகுக்கு வேணாம்.”

சிலிக்கோன் மேல் எனக்குப் பகை உண்டு. கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் அது நல்லதுதான். படகின் தகடு இழுபடும், அசையும். சிலிக்கோன் ஜெல்கோட்டிலிருந்து உரிந்து கொடுக்கும். அதுவாவது பரவாயில்லை. உரிந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகிறது. அதன் மேல் வேறு சீலன்ட் பிடிக்காது, பெயின்ட் பிடிக்காது, ஜெல்கோட்டும் பிடிக்காது. அசிட்டோனால் துடைத்தால் பரவத்தான் செய்யும். முன்னே இருந்தவர்கள் சிலிக்கோன் போட்ட இடத்தை நான் உப்புத்தாளால் தேய்த்தே எடுத்தேன்.

தண்ணீருக்கு மேல் இருக்கும் தகடுகளுக்கு எனக்குப் பிடித்தது பியூட்டைல் டேப். கூரைத் தகரம் வேய்கிறவர்களிடம் கிடைக்கும். களிமண் மாதிரி இழுபடும், வருடக்கணக்கில் காயாது, வேண்டும்போது கழற்றலாம். தண்ணீருக்குக் கீழே வரும் துளைக்கும் சுக்கான் தொங்கும் கொளுவிகளுக்கும் பொலியூரித்தேன் சீலன்ட், சிக்காபிளெக்ஸ் போன்றவை. இதைப் பூசுவதற்கு முன் இடத்தை அசிட்டோனால் துடையுங்கள். ஸ்பிரிட் வேண்டாம், ஸ்பிரிட் பட்ட இடத்தில் பொலியூரித்தேன் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து இறுகும் பண்டம் அது, ஆகையால் நம் ஊரில் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். திறந்த டியூப்பும் அதே வேகத்தில் கட்டியாகும். மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு என்று வைக்காதீர்கள். ஒட்டினால் பிரிக்கவே முடியாத பலத்தோடு வரும் வகைகளும் உண்டு. பிறகு கழற்ற வேண்டிவரும் தகட்டுக்கு அதைப் போட்டால் தகட்டோடு ஜெல்கோட்டும் வரும்.

துளையின் வாயை அகலத் தலையுள்ள துரப்பணத்தால் கொஞ்சம் சரித்துவிடுங்கள். இந்தச் சின்ன வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சரிவுக்குள் சீலன்ட் திரண்டு போல்ட்டைச் சுற்றி ஒரு வளையமாக நிற்கும். ஜெல்கோட்டும் நட்சத்திரமாக வெடிக்காது. இது செய்யாவிட்டால் முறுக்கும்போது பசை முழுவதும் வெளியே பிதுங்கி, உள்ளே ஒன்றும் மிஞ்சாது. உட்புறம் வாஷர் பெரிதாக இருக்கட்டும். முறுக்கும்போது போல்ட் தலையைத் திருப்புளியால் அசையாமல் பிடித்துக்கொண்டு கீழே நட்டை மட்டும் திருப்ப வேண்டும். போல்ட் சுழன்றால் சுற்றி உட்கார்ந்த பசை அறுந்துவிடும். இரண்டு பேர் வேலை. பியூட்டைல் போட்டால் ஒரே மூச்சில் இறுக்காமல் அரைச் சுற்று, கால் சுற்று என்று சில நாட்களுக்கு விட்டு விட்டு இறுக்குங்கள். பிதுங்குவதைக் கத்தியால் நறுக்கி எடுத்தால் சுத்தம்.

உக்கிய மரம் இருந்த இடத்தில் இவ்வளவும் போதாது. அங்கே துளையைப் பெரிதாக்கி, உக்கலைக் கொக்கிக் கம்பியால் தோண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டேன். கண்டலமைப் பக்கம் கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில்தான் இந்த வேலையை வைத்துக்கொள்வேன். மார்கழி மழையில் மரம் காயாது. காய்ந்த குழியை இப்போக்சியில் தூள் கலந்து நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் புதுத் துளை. இனி தண்ணீர் வந்தாலும் இப்போக்சியைத்தான் பார்க்கும், மரத்தைப் பார்க்காது. வழக்கமான ரெசினையே ஊற்றினால் மலிவு. ஆனால் பழைய மரத்தோடு அது இப்போக்சி அளவுக்கு ஒட்டுவதில்லை. இந்த ஒரு இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

போல்ட் வாங்கும்போது பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் கையில் வைத்திருங்கள். ஸ்டெயின்லெஸ் என்று தருவதில் முலாம் பூசிய இரும்பும் கலந்திருக்கும். காந்தம் படக்கென்று ஒட்டினால் வேண்டாம். லேசாக இழுத்தால் பரவாயில்லை, 304 ரகம் அப்படித்தான். 316 கிடைத்தால் நல்லது, நம் தண்ணீருக்கு அது கட்டாயமில்லை. மூடிகளின் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் துளி. வாசலின் தடவினால் சில ரப்பர் ஊதிவிடும். வடிகால் மூடி ஒன்று கூடுதலாகப் படகிலேயே கட்டியிருக்கட்டும்.

அடைத்து முடிந்த பிறகுதான் கறைக்கு வாளி. பொலிஷ் அதற்கும் பிறகு. பொலிஷ் வகைகளில் பெரும்பாலானவற்றில் சிலிக்கோன் இருக்கிறது. முதலில் பளபளப்பாக்கிவிட்டு அதன் மேல் சீலன்ட் போட்டால் முன்னே சொன்ன எண்ணெய்ப் படலச் சிக்கலை நாமே காசு கொடுத்து வாங்குகிறோம்.

தண்ணீர் மட்டத்தில் சுற்றிவர நின்ற பழுப்பு வளையம்தான் எங்களுக்குப் பெரிய தலையிடி. குளக்கரை மருத மரங்களின் பட்டை, இலைச் சாறு, மழைக்குப் பின் வரும் செம்மண்ணின் இரும்பு எல்லாம் சேர்ந்த சாயம். சவர்க்காரம் அதைத் தொடாது. பொச்சு வைத்துத் தேய்த்தால் ஜெல்கோட்டில் கீறல் விழும். அடுத்த கறை அந்தக் கீறலுக்குள் போய் இன்னும் உறுதியாக உட்காரும். கறையைத் தேய்க்காமல் கரைக்க வேண்டும். அதற்கு ஒட்சாலிக் அமிலம். மரம் வெளுக்க விற்கும் வெள்ளைத்தூள். வெந்நீரில் சில கரண்டி கரைத்து, மைதாப் பசை காய்ச்சி அதோடு கலந்தால் செங்குத்துச் சுவரில் வழியாமல் நிற்கும். பூசி, கால் மணி நேரம் விட்டுக் கழுவினால் வளையம் போய்விடும். காயவிடாதீர்கள்.

நம் வீட்டுப் பிலிங்காயிலும் இதே அமிலம்தான். வீட்டில் கத்தித் துருவை அதைத் தேய்த்து எடுப்பவர்கள் உண்டு. ஒரு ஆணியைச் சுற்றிய துருக்கறைக்குப் பிலிங்காயை நறுக்கித் தேய்த்தாலே போதும். படகு முழுவதற்கும் என்றால் மரத்தை மொட்டையடிக்க வேண்டிவரும். தேசிக்காயும் துருவை எடுக்கும், கொஞ்சம் சோம்பேறி. வெள்ளைச் சுண்ணாம்புப் படைக்கு மட்டும் தேசிக்காய் அல்லது வினாகிரிதான் சரி. ஒட்சாலிக் போட்டால் சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத உப்பாகப் படியும்.

தூள் அமிலம் விளையாட்டுப் பொருள் இல்லை. வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கையுறை, கண்ணாடி, குழந்தைகள் எட்டாத டப்பா. கழுவும் வேலையைக் குளத்தோரத்தில் செய்யாதீர்கள். அந்தத் தண்ணீரில் குளிக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். நாங்கள் படகை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோய், அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அமிலத்தை முறித்துத்தான் ஊற்றுவோம்.

தார்ப்பாயின் அடியில் பூக்கும் கரும்புள்ளிகள் பூசணம். அதற்கு மட்டும் நீர்த்த குளோரின் வெளுப்பி. துருக்கறையில் குளோரினைப் போட்டால் கறை இன்னும் ஊறி நிலைக்கும். அமிலமும் குளோரினும் ஒரே வாளியில், ஒரே நாளில்கூட வேண்டாம். இரண்டும் கலந்தால் வரும் வாயு நெஞ்சை அடைக்கும். மதியச் சோற்றுப் பார்சலின் மஞ்சள் கறைக்கு ஒன்றும் செய்யாதீர்கள். வெயிலில் விடுங்கள், மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது. தேக்கு மரத்தடியில் படகை நிறுத்தினால் ஈரமான இலையிலிருந்து சிவப்புச் சாயம் இறங்கும். அதற்கு இடத்தை மாற்றுவதே மருந்து.

சுண்ணாம்புபோல் கையில் ஒட்டும் மங்கல் கறை இல்லை. வெயில் தின்ற ஜெல்கோட் அது. 800, 1200 உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, வாகனக்காரர்கள் போடும் கட்டிங் பேஸ்ட் போட்டு, கடைசியில் மெழுகு. அரை மில்லிமீட்டர் தோல் என்பதை ஞாபகம் வைத்து, விளிம்புகளில் கையை அடக்கித் தேயுங்கள். அங்கேதான் முதலில் பைபர் தெரிய வரும். உலர்ந்த தேய்ப்பு வேண்டாம். தூள் தோலில் ஏறினால் இரவெல்லாம் அரிக்கும். குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், சுடுதண்ணீர் துவாரங்களைத் திறந்து இன்னும் உள்ளே விடும் என்பதுதான் எங்கள் பட்டறை அனுபவம்.

வேலை முடிந்த படகைக் கவிழ்த்து, தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, அடியில் காற்றோட விட்டு வையுங்கள். தார்ப்பாயைப் படகின் மேல் ஒட்டிக் கட்டாதீர்கள். குரங்கு அதைக் கிழிக்கும், கிழித்த வழியே மழை இறங்கும், ஆகவே ஊருக்குள் வைப்பதே மேல். வரட்சிக் காலத்தில் கண்டலமைக் கரைக்கு யானையும் தண்ணீருக்கு வரும். பைபரில் எந்த ஓட்டையையும் ஒட்டிவிடுவேன் என்று கடையில் பலகை தொங்கவிட்டிருக்கிறேன். யானை மிதித்ததை மட்டும் என்னிடம் கொண்டுவராதீர்கள்.